வாசற்படியும் சோற்றுத்தட்டும்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



பிள்ளைத்தமிழ் பாடும் புலவர் முதற்கண் பாடுவது காப்புப் பருவம். செங்கீரைக்கும் தாலுக்கும் முன்னரே, குழந்தையைக் காக்க வேண்டுமென்று தெய்வங்களை ஒவ்வொன்றாக அழைப்பது அந்நூலின் மரபு. பொருநைக் கரையில் திருவைகுண்டத்தில் பிறந்த குமரகுருபரரும் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழில் அம்மரபையே போற்றினார். ஆனால் அங்கே காப்புப் பெற்ற குழந்தை தெய்வக் குழந்தை. அதற்குக் காப்பு எதற்கு என்று ஒருவர் குறும்பாகக் கேட்டால் விடை சொல்வது கடினம். இதே ஆற்றங்கரையில் காப்புத் தேவைப்பட்ட குழந்தைகள் வேறு. பள்ளிக்குப் போகாமல் மாடு மேய்த்தவனும், மடியில் பீடித்தட்டை வைத்துக்கொண்டு நூல் சுற்றியவளும் எந்தப் பிள்ளைத்தமிழுக்கும் பாட்டுடைத் தலைவர் ஆகவில்லை. அவர்களுக்குக் காப்புச் சொல்ல வந்தவை அரசின் சட்டங்களும் ஆணைகளும்தாம். அக்காப்பு எங்கே பலித்தது, எங்கே வாயளவில் நின்றது என்பதே இவ்வுரையின் பொருள்.

முக்கூடல் என்றவுடன் இவ்வவையில் பலருக்கும் முக்கூடற்பள்ளு நினைவுக்கு வரும். பள்ளில் வரும் முக்கூடல் சீவலப்பேரியை அடுத்து ஆறுகள் கூடுமிடம். பீடியால் பெயர்பெற்ற முக்கூடலோ மேற்கே உள்ள வேறோர் ஊர். அவ்வூரிலும், ஆலங்குளம், கடையம், பாப்பாக்குடி வட்டாரங்களிலும், நெல்லை நகரையொட்டிய மேலப்பாளையம், பேட்டை முதலிய பகுதிகளிலும் பீடி சுற்றுதல் இரண்டு மூன்று தலைமுறைப் பெண்களின் பிழைப்பாக இருந்து வந்துள்ளது. இவற்றுள் ஆலங்குளமும் கடையமும் 2019ஆம் ஆண்டு பிரிந்த தென்காசி மாவட்டத்தில் இன்று அடங்கும். மாவட்டம் பிரிந்தது, தட்டு பிரியவில்லை.

இத்தொழிலின் நடைமுறையை அறியாமல் சட்டம் தோற்ற இடத்தை அறிய இயலாது. மத்தியப் பிரதேசம், ஒடிசா முதலிய வடபுலக் காடுகளிலிருந்து இலை வருகிறது. கடையில் இலையும் தூளும் நூலும் நிறுத்துக் கொடுக்கிறார்கள். பெண் அவற்றை வீட்டுக்குக் கொண்டு வருகிறாள். இலையை நனைத்து, அளவுத் தகட்டை வைத்துக் கத்தரித்து, தூளை வைத்துச் சுருட்டி, நூல் சுற்றி, நுனியை மடக்கி, 25 பீடிகளை ஒரு கட்டாகக் கட்டி மறுநாள் கடையில் சேர்க்கிறாள். கூலி ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கணக்கு. ஆயிரம் பீடி என்பது ஒரு பெண் சமையலையும் தண்ணீர்க் குடத்தையும் விட்டு எழாமல் உட்கார்ந்தால் ஒரு நாளில் முடியக்கூடிய வேலை. எழாமல் உட்கார எந்தப் பெண்ணால் முடியும்? ஆகவே நுனி மடக்குவதும் நூல் கட்டுவதும் பிள்ளைகளின் கைக்கு வந்தன. சிறு விரலுக்கு அது எளிது என்பார்கள். கடையில் எழுதப்படும் பாஸ்புக்கில் தாயின் பெயர் மட்டுமே இருக்கும். எட்டு வயதுச் சிறுமி மடக்கிய முந்நூறு நுனிகளும் தாயின் ஆயிரத்திற்குள் அடங்கிவிடும். உழைத்தவள் ஒருத்தி, ஏட்டில் இருப்பவள் மற்றொருத்தி. கணக்கில் பொய் எதுவும் இல்லை. ஆயினும் அக்கணக்கில் குழந்தை இல்லை.

சங்கப் பாடலில் பாண்டியன் அறிவுடைநம்பி காட்டும் குழந்தையின் கை நெய்யிட்ட சோற்றைத் துழாவுகிறது. வள்ளுவர் மக்கட்பேற்றில் பேசுவதும் குழந்தை கைவிட்டுக் குழப்பிய கூழைத்தான். தமிழ் இலக்கியம் குழந்தையின் கையைச் சோற்றிலேயே கண்டு மகிழ்ந்தது. தூளிலும் நூலிலும் கண்ட கையை அது நெடுங்காலம் பாடவில்லை. கரிசல் நிலத்துத் தீப்பெட்டிக் குழந்தைகளுக்குப் பூமணியின் ‘கருவேலம்பூக்கள்’ திரைப்படமேனும் கிடைத்தது. பொருநைக் கரையின் பீடிக் குழந்தைகளைப் பற்றிய எழுத்தைத் தேடித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. இது புலவர்கள் மீது சாட்டும் குற்றமன்று. சட்டத்தின் கண்ணுக்கும் படாத இடம் அது என்பதே சொல்ல வந்தது.

சட்டத்திற்கு இக்குழந்தைகள் முற்றிலும் தெரியாதவர்கள் அல்லர். இதுதான் வியப்பு. 1929இல் அமைந்து 1931இல் அறிக்கை அளித்த விட்லி ஆணையம், பெற்றோர் வாங்கிய கடனுக்கு ஈடாகக் குழந்தைகள் பீடிப் பட்டறைகளில் அடைபட்டிருந்ததை எழுதியது. அதன் விளைவாக 1933இல் குழந்தைகளின் உழைப்பை ஈடு வைப்பதைத் தடுக்கும் சட்டம் வந்தது. 1938இல் குழந்தைகளை வேலைக்கமர்த்துதல் பற்றிய சட்டம் வந்தது. அதன் அட்டவணையில் பீடித் தொழிலும் தீப்பெட்டித் தொழிலும் இடம்பெற்றன. ஆனால் கூடவே ஒரு விலக்கும் இருந்தது. கூலியாள் வைக்காமல், குடும்பத்தாரின் துணைகொண்டு மட்டுமே ஒருவர் தொழில் நடத்தும் இடத்திற்கு அந்தத் தடை பொருந்தாது என்பது அவ்விலக்கு. எழுதியவர் தீய எண்ணத்தோடு எழுதியிருக்க மாட்டார். குயவன் மகன் மண் பிசைவதையும் நெசவாளி மகள் தார் சுற்றுவதையும் எண்ணி எழுதியிருப்பார். ஆனால் முதலாளிக்கு அது வழிகாட்டியாயிற்று. பட்டறையில் குழந்தை இருந்தால் குற்றம். இலையையும் தூளையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டால் குற்றமில்லை.

1966ஆம் ஆண்டு பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் இவ்வகையில் ஆராயத்தக்க ஆவணம். வீட்டில் இருந்து சுற்றும் பெண்ணையும் தொழிலாளி என்று அது ஏற்றது. அது பெரிய வெற்றி; தொழிற்சங்கங்கள் போராடிப் பெற்ற வெற்றி. பதினான்கு வயது நிரம்பாதவர்களைத் தொழிற்கூடத்தில் வேலைக்கு வைக்கக் கூடாது என்றும் அதே சட்டம் விதித்தது. தொழிற்கூடம் என்றால் என்ன என்பதற்கு அச்சட்டம் கூறிய இலக்கணத்திலேயே, தனியார் குடியிருப்பு வீடு நீங்கலாக என்று அடைப்புக்குறிக்குள் ஒரு தொடர் இருந்தது. தொல்காப்பிய உரையாசிரியர்கள் ஓர் இடைச்சொல்லுக்குப் பக்கம் பக்கமாக உரை எழுதியதைப் பழித்துச் சிரிப்பவர்கள் இந்த அடைப்புக்குறியைப் பார்க்க வேண்டும். அந்தச் சில சொற்களால், ஒரே திண்ணையில் அமர்ந்து ஒரே தட்டில் சுற்றிய தாய் தொழிலாளியானாள். மகள் சட்டத்தின் கண்ணுக்கு எதுவும் ஆகவில்லை.

1986ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு வருவோம். அதன் செயல்முறைப் பட்டியலில் முதலிடம் பீடி சுற்றுதலுக்குத்தான். ஆங்கில அகரவரிசை தந்த முதலிடம் அது என்றாலும் முதலிடம் முதலிடமே. அங்கும் குடும்பத்தின் துணையோடு நடத்தும் தொழிலிடத்திற்கு விலக்கு மாறாமல் இருந்தது. பின்வந்த ஆண்டுகளில் அப்பட்டியல் 18 தொழில்கள், 65 செயல்முறைகள் என வளர்ந்தது. 2016ஆம் ஆண்டுத் திருத்தம் ஒரு பெரிய அடியை எடுத்து வைத்தது. பதினான்கு வயதுக்குட்பட்டவரை எந்தத் தொழிலிலும் அமர்த்தலாகாது என்றது. அதே மூச்சில், பள்ளி நேரம் முடிந்த பின்னும் விடுமுறை நாள்களிலும், ஆபத்தற்ற தொழிலாயின், குழந்தை தன் குடும்பத்திற்கு உதவலாம் என்றும் சேர்த்தது. ஆபத்தானவை எவை என்ற அட்டவணை முதலில் மூன்றாகச் சுருங்கி, கண்டனம் எழுந்தபின் 2017இல் மீண்டும் விரிந்தது. பட்டியல் நீள்வதும் குறுகுவதும் தில்லியில் நிகழ்வன. மாலை ஆறு மணிக்கு ஒரு வீட்டின் உள்ளறையில் சிறுமியின் கையில் இருப்பது பாடப்புத்தகமா நூற்கண்டா என்று பார்க்க எந்த ஆய்வாளரும் வரப்போவதில்லை. வரவும் கூடாது என்பாரும் உளர். வீட்டுக்குள் அரசு எட்டிப்பார்ப்பது முறையன்று என்ற அவர்தம் அச்சத்தில் நியாயம் இல்லாமல் இல்லை.

பள்ளி நேரம் முடிந்தபின் குடும்பத் தொழிலுக்கு உதவுதல் என்ற எண்ணம் தமிழகத்திற்குப் புதிதன்று. 1953இல் இராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம், குழந்தைக்கு நாளில் மூன்று மணி நேரப் பள்ளி, எஞ்சிய பொழுதில் பெற்றோரின் தொழில் என்று வகுத்தது. குலக்கல்வி என்று அதற்குப் பெயர் வைத்து எதிர்த்த கிளர்ச்சியை இவ்வவையின் மூத்தோர் கேட்டறிந்திருப்பர். 1954இல் காமராசர் முதலமைச்சரானவுடன் அத்திட்டம் கைவிடப்பட்டது. நாட்டின் மறுகோடியில் 62 ஆண்டுகளுக்குப் பின் வேறொரு பெயரில் அதன் நிழல் சட்டத்தில் விழுந்தபோது, தமிழகத்தில் அன்று எழுந்த அளவுக்குக் குரல் எழவில்லை. காரணம் ஒன்றுண்டு. இடைப்பட்ட காலத்தில் தமிழகக் குழந்தை வீட்டை விட்டுப் பள்ளிக்குப் போய்விட்டது. அதை அழைத்துச் சென்றது தடைச்சட்டம் அன்று, சோறு.

சேரன்மாதேவி இருப்புப்பாதைக் கதவருகே காமராசரின் வண்டி நின்றதாகவும், அங்கே மேய்ச்சலில் இருந்த சிறுவனை அழைத்து ஏன் பள்ளிக்குப் போகவில்லை என்று அவர் வினவியதாகவும், பள்ளிக்குப் போனால் சோறு யார் போடுவார் என்று அவன் திருப்பிக் கேட்டதாகவும் ஒரு செய்தி வழங்குகிறது. சொல்பவருக்குத் தக்கபடி ஊரும் ஆடும் மாடும் மாறும். வாய்மொழிக் கதையின் இயல்பு அது. ஆயினும் நெல்லையார் சேரன்மாதேவியை விட்டுக்கொடுப்பதில்லை. 1956இல் பாரதி பிறந்த எட்டயபுரத்தில் காமராசர் பகலுணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தது வரலாறு. எட்டயபுரம் அன்று திருநெல்வேலி மாவட்டத்து ஊர். கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு அத்திட்டத்தின் செயல்வடிவம். தொடக்கத்தில் ஊரார் தந்த அரிசியும் பருப்பும் காசுமே அடுப்பை எரித்தன. 1920இலேயே சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு அளித்ததுண்டு. எனினும் அது ஒரு நகரத்தின் முயற்சி. ஊர்ப்புறத்து மேய்ச்சல் நிலம் வரை சோறு சென்றது 1956க்குப் பின்னரே.

சேரன்மாதேவி என்ற பெயருக்கு வேறொரு நினைவும் உண்டு. அதைச் சொல்லாமல் மேலே செல்வது நேர்மையாகாது. வ. வே. சு. ஐயர் 1922இல் அங்கே தமிழ்க் குருகுலம் நிறுவினார். பொதுமக்கள் பொருளும் காங்கிரசின் பொருளும் பெற்று நடந்த அவ்விடத்தில், பெற்றோர் விருப்பத்திற்கிணங்கப் பிராமண மாணவர் இருவருக்குத் தனியே உணவு பரிமாறப்பட்டது. பொதுப்பணத்தில் நடக்கும் பள்ளியில் தனிப்பந்தி எதற்கு என்று எழுந்த கேள்வி தமிழக அரசியலையே இரண்டாகப் பிளந்தது. ஐயர் பொறுப்பிலிருந்து விலகினார். 1925 ஜூன் மாதம் பாபநாசத்திற்கு மேலே கல்யாண தீர்த்தத்தில், வெள்ளத்தில் விழுந்த மகளைக் காக்கப் பாய்ந்து அவரும் மறைந்தார். குறளை ஆங்கிலத்தில் தந்த அறிஞரின் முடிவை எண்ணும்போது வாதம் செய்ய மனம் வருவதில்லை. கேள்வி மட்டும் நின்றது. முப்பது ஆண்டு கழித்து அதற்கு அரசின் பகலுணவுப் பந்தி விடை சொன்னது. தட்டு ஒன்று, சோறு ஒன்று, தரை ஒன்று. குழந்தைகள் எவ்வீட்டிலிருந்து வந்தன என்று அப்பந்தி கேட்கவில்லை.

எல்லாப் பள்ளியிலும் எல்லா நாளும் அப்படியே நடந்தது என்று சொன்னால் அது பொய். சமைப்பவரின் சாதியைச் சொல்லிப் பிள்ளையை உண்ணவிடாத பெற்றோர் தமிழகத்தில் இருந்தனர், இருக்கின்றனர். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனும் அவன் தங்கையும் வீடு புகுந்து வெட்டப்பட்டனர். வெட்டியவர்கள் உடன்படித்த மாணவர்கள். அதன்பின் அமைந்த நீதிபதி சந்துரு குழு 2024இல் அறிக்கை தந்தது. மணிக்கட்டில் கட்டும் வண்ணக் கயிறு வரை பள்ளியில் சாதி அடையாளம் எதுவும் கூடாது என்று அது பரிந்துரைத்தது. ஒரே தரையில் அமர்ந்து உண்டவர்களே கயிறு கட்டிக்கொண்டு பிரிந்தார்கள் என்பது இம்மாவட்டம் தலைகுனிய வேண்டிய செய்தி. பந்தி தொடங்கி வைத்ததை வகுப்பறை முடித்து வைக்கவில்லை.

சோற்றின் கதை 1982இல் புதிய வேகம் கொண்டது. அவ்வாண்டு ஜூலை முதல் நாள் எம்.ஜி.ஆர். அரசு சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியது. இரண்டு வயது முதல் ஒன்பது வயது வரையிலான குழந்தைகளுக்கென்று அது ஊர்ப்புறத்தில் தொடங்கி, நகரங்களுக்கும், பின்னர் பதினைந்து வயது வரைக்கும் விரிந்தது. செலவுக் கணக்கைக் காட்டி அதை நகைத்த பொருளியல் அறிஞர்கள் பலர். 2001 நவம்பர் 28ஆம் நாள், உணவுரிமை வழக்கில் உச்சநீதிமன்றம், நாட்டின் எல்லா மாநிலங்களிலும் அரசு தொடக்கப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் சமைத்த மதிய உணவு தர வேண்டும் என்று ஆணையிட்டது. நகைப்புக்குள்ளான திட்டம் அன்று நாட்டுக்கே நீதிமன்ற ஆணையாயிற்று.

இங்கே பீடி வீட்டின் கணக்கை மீண்டும் எடுத்துப் பார்க்க வேண்டும். தாய்க்கு மகளின் விரல்கள் தேவைப்பட்டது கொடுமையால் அன்று, கூலி போதாமையால். மகளைப் பள்ளிக்கு அனுப்பினால் ஆயிரம் எழுநூறாகும். ஆனால் பள்ளியில் ஒரு வேளை உணவு உண்டு என்றால் வீட்டில் ஓர் இலைச் சோறு மிஞ்சும். எழுநூறுக்கும் ஆயிரத்துக்கும் உள்ள இடைவெளியில் ஒரு பகுதியை அது ஈடு செய்தது. தடைச்சட்டம் தாயைக் குற்றவாளியாகப் பார்த்தது, அல்லது பார்க்கவே இல்லை. சோறு அவளோடு பேரம் பேசியது. பேரம் என்ற சொல் கடுமையாகத் தோன்றலாம். வறுமையோடு அரசு நேர்மையாகப் பேசும்போது பேரமாகத்தான் பேச இயலும்.

இந்த உண்மையை நீதிமன்றமும் ஒருமுறை கண்டது. சிவகாசித் தீப்பெட்டித் தொழிலைப் பற்றி எம். சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் வந்த தீர்ப்பு, ஆபத்தான தொழிலில் அமர்த்திய ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது. அதனோடு நில்லாமல், அக்குழந்தையின் வீட்டில் வயது வந்த ஒருவருக்கு அரசு வேலை தேடித்தர வேண்டும், இயலாவிட்டால் தன் பங்காக 5,000 ரூபாய் நிதியில் சேர்க்க வேண்டும் என்றும் சொன்னது. குழந்தையை விடுவிக்க வேண்டுமானால் பெரியவரின் வருமானத்தைத் தொட வேண்டும் என்ற அத்தெளிவு போற்றத்தக்கது. செயலில் அது எவ்வளவு நிறைவேறியது என்று கேட்டால் தலையைச் சொறிய வேண்டியிருக்கும். மேலும் முதலாளி யார் என்று காட்ட முடிகிற இடத்தில்தான் அத்தீர்ப்புக்குப் பல் இருந்தது. வீட்டில் சுற்றும் பீடிக்கு முதலாளி கடைக்காரரா, அவருக்கு மேலுள்ள ஒப்பந்தக்காரரா, நெடுந்தொலைவில் இருக்கும் நிறுவனமா? சங்கிலி நீளமானது, ஒவ்வொரு கண்ணியும் அடுத்ததைக் கைகாட்டும்.

குழந்தைத் தொழிலாளருக்கென 1988 முதல் மத்திய அரசு நடத்திய சிறப்புப் பள்ளிகள் இம்மாவட்டத்திலும் பீடிக் குழந்தைகளுக்காக இயங்கின. 2021இல் அத்திட்டம் பொதுப் பள்ளிக்கல்வித் திட்டத்தோடு இணைக்கப்பட்டது. 1976ஆம் ஆண்டுச் சட்டங்களின்படி பீடி மீது ஒரு சிறு தீர்வை வாங்கி, அதைக்கொண்டு தொழிலாளர் பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகை தந்த ஏற்பாடும் உண்டு. ஆண்டுக்கொருமுறை வரும் அச்சிறு தொகை பல பெண்பிள்ளைகளுக்கு நோட்டும் சீருடையும் ஆயிற்று. 2017இல் சரக்கு சேவை வரி வந்தபோது அத்தீர்வை நீக்கப்பட்டது. பீடியிலிருந்தே பீடித் தொழிலாளியின் மகளுக்கு வந்துகொண்டிருந்த தனி வாய்க்கால் அன்று அடைபட்டது. இனிப் பொதுநிதி மனம் வைத்தால்தான் உண்டு.

ஆனாலும் இவ்வூர்களில் ஒரு மாற்றம் கண்கூடு. பீடித்தட்டின் முன் இன்று அமர்ந்திருப்போரில் பெரும்பாலோர் நடுவயது கடந்த பெண்கள். பெண் பார்க்க வந்தவர்கள் பெண்ணின் கைவேகத்தை விசாரித்த காலம் போய், என்ன படித்திருக்கிறாள் என்று விசாரிக்கும் காலம் வந்திருக்கிறது. 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப்பெண் திட்டம், அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி சேரும் மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய் தருகிறது. தாயின் பீடிக் கூலிக்கு எதிரே வைத்துப் பார்த்தால்தான் அந்த ஆயிரத்தின் எடை தெரியும். பாளையங்கோட்டைக் கல்லூரி வகுப்புகளில் பீடி சுற்றும் தாயின் மகள் அமர்ந்திருப்பது இன்று செய்தியே அன்று.

இனி, காலை நேரம். 2022 செப்டம்பர் 15ஆம் நாள் மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. முதலில் 1,545 அரசு தொடக்கப் பள்ளிகள். 2023இல் எல்லா அரசு தொடக்கப் பள்ளிகளுக்கும், 2024இல் ஊர்ப்புறத்து உதவி பெறும் பள்ளிகளுக்கும், 2025 ஆகஸ்டில் நகரத்து உதவி பெறும் பள்ளிகளுக்கும் அது விரிந்தது. இந்தக் கடைசி விரிவு நெல்லைக்கு முக்கியமானது. சமயத் தொண்டர்கள் நிறுவிய பழம்பள்ளிகள் நிறைந்த பாளையங்கோட்டையில் ஏழைக் குழந்தைகள் பலர் படிப்பது உதவி பெறும் பள்ளிகளில்தான். பக்கத்துப் பள்ளியில் உப்புமா மணக்க, இப்பள்ளிப் பிள்ளைகள் மூன்றாண்டு காத்திருந்தார்கள்.

காலையில் பீடி வீட்டில் அடுப்பெரிவது எளிதன்று. கடைக்குக் கட்டுகளைச் சேர்க்கும் நேரமும் பிள்ளை பள்ளிக்குப் புறப்படும் நேரமும் ஒன்றோடொன்று மோதும். குறைந்த கட்டுகளை முடிக்க ஒரு கை உதவி கிடைத்தால் போதும் என்று தாய் தவிக்கும் நேரமும் அதுவே. அந்த நேரத்தில் பள்ளியில் இலை போட்டாயிற்று என்பது குழந்தைக்கு வீட்டைவிட்டுக் கிளம்ப ஒரு காரணம். தாய்க்கு அது குழந்தையை அனுப்பிவைக்க ஒரு காரணம். எந்த ஆய்வாளரும் வாசற்படியைத் தாண்டவில்லை. குழந்தை தாண்டி வந்தது.

ஆயின் 2025ஆம் ஆண்டு விரிவிலும் காலை உணவு ஐந்தாம் வகுப்போடு நின்றது. ஆறாம் வகுப்பு பெரும்பாலும் வேறு பள்ளி, சற்றுத் தொலைவு, முன்னதாகவே புறப்பட வேண்டும். அச்சிறுமிக்கு அப்போது பதினொரு வயது. நூல் சுற்றும் கை பழகுவதும், தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளப் பணிக்கப்படுவதும், ‘வயசுக்கு வரப்போகிற பிள்ளை’ என்று வீட்டார் பேசத் தொடங்குவதும் அவ்வயதில்தான். வீட்டுக்குள் இழுப்பவை எல்லாம் ஒன்றுகூடும் அவ்வாண்டில், வெளியே அழைக்கும் தட்டு ஒன்று குறைகிறது. இம்மண்டபத்திலிருந்து சில கல் தொலைவில், நாளைக் காலை எட்டு மணிக்கு, அந்தச் சிறுமி வெறும் வயிற்றோடு பேருந்துக்கு நின்றுகொண்டிருப்பாள்.